வற்றிய குளத்திலிருந்து நீர் ராக்கெட்: ஐந்து சனிக்கிழமைகளின் குறிப்பு

இந்தக் கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேருடன் சேர்ந்து நீர் ராக்கெட் செய்து பறக்கவிட்டு வருகிறேன். திருநெல்வேலி மாவட்டத்தில் வளரும் இவர்களுக்கு ராக்கெட் என்பது எங்கோ தொலைவில் நடக்கும் செய்தி அன்று. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் எஞ்சின்களைச் சோதிப்பதைப் பற்றி வீட்டுப் பேச்சிலேயே கேட்டிருக்கிறார்கள். குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் ராக்கெட் எப்படி மேலே போகிறது என்று கேட்டால், "நெருப்பு தரையத் தள்ளுது மாமா" என்பதே எல்லோருடைய விடையாகவும் இருந்தது. தரையே இல்லாத விண்வெளியில் எதைத் தள்ளும் என்று கேட்டேன். அந்தக் கேள்வியில்தான் இந்த வேலை தொடங்கியது.

ஏப்ரல் 26

குளிர்பானம் வரும் 2 லிட்டர் பாட்டில், அதன் வாயில் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் அடைப்பான், அடைப்பானில் துளையிட்டுச் செருகிய சைக்கிள் டியூப் வால்வு, ஒரு சைக்கிள் பம்பு ஆகியவையே முதல் நாள் சாமான்கள். சோடா வாயு அடைத்து விற்கும் பாட்டிலைத்தான் எடுக்க வேண்டும். அழுத்தம் தாங்குவதற்கென்றே அது செய்யப்படுகிறது. குடிநீர் வரும் மெல்லிய பாட்டில் வெடித்துவிடும். பம்புக்கும் பாட்டிலுக்கும் இடையில் 8 மீட்டர் குழாய் வைத்தோம். பம்பு அடிப்பவர் கண்ணாடி அணிய வேண்டும், மற்றவர்கள் இன்னும் பின்னால் நிற்க வேண்டும் என்ற விதியை இன்றுவரை ஒருமுறைகூடத் தளர்த்தவில்லை.

முதலில் நீரே இல்லாமல் காற்றை மட்டும் அடைத்து விட்டோம். ஒரு மாடி உயரத்துக்குப் போய் விழுந்தது. அதே பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நீரூற்றி மறுபடியும் காற்றடித்தபோது, கரையில் நிற்கும் பனைகளையும் தாண்டிப் போயிற்று. இரண்டு முறையும் தரை ஒன்றுதான், பாட்டிலும் ஒன்றுதான்; வெளியே எறியப்பட்ட பொருளின் நிறைதான் வேறு. தரையைத் தள்ளித்தான் மேலே போகிறது என்றால் இவ்வளவு வேறுபாடு வந்திருக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளே வாதிட்டு முடிவுக்கு வந்தார்கள். பாட்டில் நீரைக் கீழே தள்ளுகிறது, நீர் பாட்டிலை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைப் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்திருந்தவர்கள், அன்று நனைந்த சட்டையோடு அதைச் சொன்னார்கள்.

மே 3

உயரம் போனாலும் நேராகப் போகவில்லை. பத்து மீட்டருக்கு மேல் போனதும் பாட்டில் குட்டிக்கரணம் அடித்தது. ஃபைல் அட்டையில் வெட்டி ஒட்டிய சிறகுகள் முதல் நீர்ப் பீச்சலிலேயே ஊறித் தொங்கிவிட்டன. பிளக்ஸ் அடிக்கும் கடையில் கேட்டு வாங்கிய சன்போர்டு என்னும் நுரை அட்டைத் துண்டுகளில் வேறு மூன்று சிறகுகள் செய்து ஒட்டினோம். முன்னைவிடப் பரவாயில்லை என்றாலும், தள்ளாட்டம் முழுவதும் தீரவில்லை.

அப்போது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நீர் வெளியேறும் வாயை மேல்பக்கம் வைத்தால் ராக்கெட் அதிலிருந்து தொங்கிக்கொண்டு நேராகப் போகாதா என்று கேட்டாள். நல்ல கேள்வி. 1926 மார்ச் 16 அன்று அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஆபர்ன் ஊரில் ராபர்ட் காடார்ட் பறக்கவிட்ட முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டிலும் எஞ்சின் மேலேதான் இருந்தது. பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் கீழே இருந்தன. அது இரண்டரை நொடி பறந்து, 41 அடி உயரம் சென்று, 184 அடி தள்ளி விழுந்தது. எஞ்சின் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் அதன் தள்ளுவிசை ராக்கெட்டின் உடலோடு சேர்ந்தே திரும்புகிறது. உடல் சாய்ந்தால் விசையும் சாய்கிறது. ஆகவே தொங்கவிடுவதால் நிலைப்பு வராது. காடார்டும் பின்னாளில் எஞ்சினைக் கீழே கொண்டுபோனார். தன் மனத்தில் எழுந்த யோசனை அவ்வளவு பெரிய அறிஞருக்கும் எழுந்திருக்கிறது என்று அறிந்தபோது அப்பெண்ணின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை நான் மறக்கமாட்டேன்.

நிலைப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு நூல் போதும். ராக்கெட்டை விரல்மேல் சாய்த்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்ற வேண்டும். அந்த இடம் ஈர்ப்பு மையம். காற்றின் விசைகளெல்லாம் சேர்ந்து தாக்கும் அழுத்த மையம் அதற்குப் பின்னால் இருந்தால் மூக்கு முன்னே செல்லும். முன்னால் இருந்தால் ராக்கெட் திரும்பிக்கொள்ளும். எங்கள் ராக்கெட் வாலை முன்னே நீட்டிக்கொண்டு சுழன்றது. குளத்துக் களிமண்ணைச் சிறிதாக உருட்டி மூக்குக்குள் அழுத்தினோம், குறுக்காகச் சுற்றியது. இன்னொரு உருண்டை வைத்தோம். தயங்கித் தயங்கி ஆடியது. மூன்றாவது உருண்டை வைத்ததும், யாரோ பிடித்துத் திருப்பியதுபோல மூக்கு முன்னே வந்து, நூல் அறும்வரை அப்படியே நின்றது. சமையலறைத் தராசில் நிறுத்தபோது களிமண் 60 கிராம் இருந்தது. எடை கூடினால் ராக்கெட் மோசமாகும் என்று நம்பியிருந்த பிள்ளைகளுக்கு, சரியான இடத்தில் வைத்த எடை அதை நேராக்குகிறது என்பது பெரிய வியப்பு. எனக்கும் இந்த ஐந்து வாரங்களில் மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

மே 10

அடைப்பான் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அழுத்தத்தில் பிய்த்துக்கொண்டது. அழுத்தம் நம் கையில் இல்லாதபோது எந்த இரண்டு ஏவுதலையும் ஒப்பிட முடியாது. எனவே அரை அங்குல பி.வி.சி. குழாயில் ஏவுமேடை செய்தோம். அந்தக் குழாய் பாட்டில் வாய்க்குள் சரியாக நுழைகிறது. ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் ஒன்று கசிவைத் தடுக்கிறது. சுற்றிலும் கட்டிய கேபிள் டைகளின் தலைகள் பாட்டில் கழுத்தின் விளிம்பைப் பற்றிக்கொள்கின்றன. அவற்றை இறுக்கி நிற்கும் பெரிய குழாய்த் துண்டைக் கயிற்றால் கீழே இழுத்தால் பிடி விட்டுவிடும்.

முதல் நான்கு முயற்சிகளில் அழுத்தமானியின் முள் 30 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம்) மேல் ஏறவில்லை. சோப்பு நீர் தடவிப் பார்த்தபோது வால்வின் அடியில் சிறு குமிழிகள் வந்தன. ஒரு பையன் மனம் சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டான். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய, செயற்கைக்கோள் ஏவ இந்தியா செய்த முதல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் பழுதான ஒரு வால்வினால் வழிதவறி வங்கக் கடலில் விழுந்ததையும், ஓராண்டுக்குள், 1980 ஜூலை 18 அன்று, அடுத்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டதையும் அவனிடம் சொன்னேன். புது வால்வு வாங்கிப் பசையிட்டு ஒரு நாள் காயவிட்டோம். அதன்பின் 60 பி.எஸ்.ஐ. வரை கசிவில்லை.

மே 17

அளக்கும் நாள். கோணமானியில் நூலும் நட்டும் கட்டி, ஒரு ஸ்ட்ராவை மேலே ஒட்டினால் உயரம் அளக்கும் கருவி தயார். ஏவுமேடையிலிருந்து 40 மீட்டர் தள்ளி இருவர் நின்று, உச்சியில் ராக்கெட்டைக் குறிபார்த்துக் கோணத்தைக் குறித்தார்கள். அழுத்தத்தை 50 பி.எஸ்.ஐ.யிலேயே வைத்துக்கொண்டு நீரின் அளவை மட்டும் மாற்றினோம். ஒவ்வோர் அளவுக்கும் மூன்று ஏவுதல்கள். 300 மில்லி நீருக்குச் சராசரிக் கோணம் 30 பாகை, 600க்கு 37, 900க்கு 33, 1200க்கு 19. டான்ஜென்ட் அட்டவணையைப் பார்த்து 40 ஆல் பெருக்கி, கண்ணின் உயரத்தையும் கூட்டினால், 600 மில்லிக்கு 31 மீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. பத்தாம் வகுப்புப் பையனுக்கு முக்கோணவியல் எதற்கு என்ற கேள்வி அன்றோடு போயிற்று.

நீர் குறைந்தால் எறிவதற்கு நிறை போதவில்லை. கூடினால் காற்றுக்கு இடம் குறைந்து, சேமித்த ஆற்றல் குறைகிறது. தூக்க வேண்டிய சுமையும் கூடுகிறது. கைபேசியில் நொடிக்கு 240 படங்கள் வீதம் எடுத்த பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். 600 மில்லி நீரும் 20 படங்களுக்குள் வெளியேறிவிடுகிறது. அதாவது பத்தில் ஒரு நொடிகூட ஆகவில்லை. அதற்குப் பின் அது எஞ்சின் இல்லாமல் எறியப்பட்ட கல்தான்.

மே 24

மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று தொடங்கிவிட்டது. ராக்கெட்டைக் காற்று கிழக்கே அடித்துக்கொண்டு போகும் என்று எல்லோரும் கிழக்குப் பக்கம் தள்ளி நின்றார்கள். அது மேற்கே சாய்ந்து, காற்றை எதிர்த்துப் போயிற்று. பின்னாலுள்ள சிறகுகளைக் காற்று தள்ளும்போது மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்புகிறது, கூரைமேல் காற்றின் திசை காட்டும் சேவல் பொம்மையைப் போல. இரண்டு ஏவுதலோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்து உலக உருண்டையை எடுத்தோம்.

ஸ்ரீஹரிகோட்டாவில் நூலின் ஒரு முனையை வைத்துத் தென்துருவம் நோக்கி இழுத்தால் அது இலங்கையின் மீது விழுகிறது. கழற்றிவிடும் பகுதிகள் மக்கள் வாழும் நிலத்தில் விழக்கூடாது என்பதால், துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட்டுகள் அங்கிருந்து வளைந்து போகின்றன. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகிறது. எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்கு அந்தச் செலவு பெரிய பாரம். நூல் முனையைக் குலசைக்கு (குலசேகரப்பட்டினத்துக்கு) நகர்த்தியபோது, அண்டார்டிகா வரை எந்தப் பெரிய நிலப்பரப்பையும் தொடாமல் கடல் மேலேயே போயிற்று. "அதான் நம்ம ஊருக்கு வந்திருக்கா!" என்றாள் அந்த எட்டாம் வகுப்புப் பெண், நூலைக் கையிலிருந்து விடாமல்.

காற்று அடங்கும் வரை ஏவுதல் இல்லை. பழைய குடைத்துணியில் பாராசூட் வெட்டியிருக்கிறோம். இப்போதைக்கு 60 கிராம் களிமண்ணை அதில் கட்டி, மொட்டைமாடியிலிருந்து போட்டு, இறங்கும் நேரத்தைக் குறித்து வருகிறோம்.