இறங்கப் பழக்குதல்

வன்னியில் மலை கிடையாது. உயரம் என்று எங்களுக்கு இருப்பது குளக்கட்டும் பனையும்தான். கிளிநொச்சிப் பக்கம் ஒரு சிகிச்சை நிலையத்தில் பதினொரு வருடமாக பிசியோவாக வேலை செய்கிறேன். மிதிவெடியிலும் செல் வீச்சிலும் கால் போனவர்கள், இப்போது சீனி வருத்தத்தால் கால் எடுக்கப்பட்டவர்கள், இவர்களைச் செயற்கைக்காலோடு நடக்கப் பழக்குவதுதான் என் வேலையில் பெரும் பங்கு. போன வருடம் ஒக்ரோபரில், கூடப் படித்த நான்கு பேரோடு நேபாளத்துக்குப் போய், வழிகாட்டி கூட்டிப்போகும் ஒரு குழுவில் சேர்ந்து அன்னபூர்ணா அடிவார முகாம் வரை ஏறி இறங்கினேன். 4,130 மீற்றர். ஏறிய கதையை ஊரில் எல்லாரும் கேட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது இறங்கிய கதை.

ஏற்றத்துக்கு ஆயத்தமாகத்தான் போனேன். மூன்று மாதம் விடியற்புறத்தில் இரணைமடுக் கட்டில் நடந்தேன். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் கிட்டத்தட்ட அறுபது வீதம்தான் என்பதால், மெல்ல மெல்ல ஏற்றினார்கள். தலையிடி வந்தது, போனது. முகாமில் விடியும்போது பனிமலைகளில் வெயில் பட்டதைப் பார்த்தேன், அழுதேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் வார்த்தை இல்லை.

இறங்கத் தொடங்கி அரை மணித்தியாலம் சுகமாக இருந்தது. காற்று கூடுகிறது, மூச்சு வாங்குவதில்லை, கால் தானாகப் போகிறது. அப்போதுதான் வழிகாட்டி எல்லாரையும் மறித்து ஒரு கல்லில் இருத்தினார். சப்பாத்தைக் கழற்றி, குதிக்காலைப் பின்னுக்குத் தட்டி வைத்து, கணுக்காலடியில் நாடாவை இறுக்கிக் கட்டச் சொன்னார். இல்லாவிட்டால் விரல்கள் முன்னுக்குப் போய் இடித்து நகம் கறுத்துவிடும். ஏறும்போது குறுக்கி வைத்திருந்த ஊன்றுகோல்களை நீட்டச் சொன்னார். பிறகு வரிசையை மாற்றினார். ஆகவும் மெதுவாக நடப்பவர் அவருக்கு அடுத்ததாக, கெதியாக நடப்பவர் கடைசியில். கோவேறு கழுதைகள் வந்தால் பள்ளப் பக்கம் நிற்காமல் மலைப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று திரும்பவும் சொன்னார். ‘பிஸ்தாரை, பிஸ்தாரை’ என்பார். மெதுவாக என்று அர்த்தம். ஏறும்போது சொன்னதை விட இறங்கும்போதுதான் அதிகம் சொன்னார்.

இரண்டாம் நாள் தொடை பேசத் தொடங்கியது. சினுவாவிலிருந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் கற்படி, மறுபடி சோம்ரோங்குக்கு ஏற்றம், அங்கிருந்து ஜினுவுக்கு நெட்டாக இறங்கும் கற்படி. ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை பாரத்தைத் தாங்கியபடியே நீண்டுகொண்டு பிரேக் பிடிக்க வேண்டும். தசை இழைகள் நொந்துபோவது இந்த வேலையில்தான். இதை நான் சோதனையில் எழுதியிருக்கிறேன், மாணவர்களுக்குப் படிப்பித்திருக்கிறேன். சோம்ரோங்குக்குக் கீழே, ஈரப் பாசி பிடித்த ஒரு உயரமான படியில் கால் வைத்தபோது முழங்கால் சொல்லாமல் மடிந்தது. இரண்டு படி கீழே நின்ற வழிகாட்டி என் தோளைத் தாங்கிப் பிடித்தார். அப்படியே அந்தப் படியில் இருந்துவிட்டேன். எனக்கு ஞாபகம் வந்தது எங்களிடம் வந்த ஒரு ஐயாவை.

அவர் பனையில் ஏறி முட்டியில் கள் இறக்கும் சீவல் தொழிலாளி. மீள்குடியேறிய பிறகு மிதிவெடியில் முழங்காலுக்கு மேலே கால் போனது. எங்கள் நிலையத்தில் இருபக்கமும் கைபிடி வைத்த நான்கு படி இருக்கிறது. இரண்டாம் கிழமையே அதில் ஏறிவிட்டார். எல்லாரும் கைதட்டினோம். ‘படி ஏறுகிறார்’ என்று கோப்பில் எழுதினேன். இறக்கத்துக்கு விதி ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்: ஏறும்போது நல்ல கால் முன்னுக்கு, இறங்கும்போது செயற்கைக்கால் முன்னுக்கு. மூன்று நான்கு தரம் செய்து காட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு மாதத்துக்குள் மணிக்கட்டு உடைந்து வந்தார். முகம் கழுவக் குளக்கட்டில் இறங்கும்போது விழுந்திருக்கிறார். நான் குற்ற உணர்ச்சியோடு ஏதோ கேட்க, அவர் சொன்னார்: “ஏறேக்க வெறும் முட்டி, பிள்ளை. இறங்கேக்கதான் நிறைமுட்டி. இறங்கத் தெரியாதவனை நாங்கள் மரத்தில ஏற விடுறேல்ல.”

அன்றைக்கு அதை ஒரு பெரியவரின் பேச்சாகத்தான் கேட்டேன். சோம்ரோங் படியில் இருந்தபோது என் வேலையில் இருந்த ஓட்டை தெரிந்தது. சாதாரணச் செயற்கை முழங்கால் பிரேக் பிடிக்காது. உடம்பை இறக்கும் பாரம் முழுக்க நல்ல காலின் தொடைக்கு. கண்ணுக்குப் பள்ளம் தெரிகிறது, பயத்தில் உடம்பு பின்னுக்குச் சாய்கிறது, சாய்ந்தவுடன் கால் வழுக்குகிறது. இதெல்லாம் களைத்த பிறகு நடக்கிறது. நான் பழக்கியதோ காலையில், களைக்காத உடம்பில், சமமான சீமெந்துப் படியில்.

ஜினுவில் வெந்நீர் ஊற்றில் காலை வைத்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவர் ஹெர்சோக்கின் கதையைச் சொன்னார். 1950 ஜூன் 3ஆம் திகதி மொரிஸ் ஹெர்சோக்கும் லூயி லஷனாலும் 8,091 மீற்றர் உயரமான அன்னபூர்ணாவின் உச்சியில் நின்றார்கள். 8,000 மீற்றருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதர் ஏறியது அதுதான் முதல் தரம். ஏறியது வடக்குப் பக்கத்தால். இறங்கும்போது ஹெர்சோக்கின் கையுறைகள் நழுவிப் போயின. பனி கடித்து இருவரும் கால்விரல்களை இழந்தார்கள், ஹெர்சோக் கைவிரல்களையும் இழந்தார். கூடப் போன வைத்தியர் திரும்பும் வழியிலேயே விரல்களை வெட்டி எடுக்க வேண்டி வந்தது. வெட்டிய காலோடு வாழ்பவர்களை நாள் முழுக்கப் பார்க்கிற எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

ஊருக்கு வந்ததும் நிலையத்தின் பின்பக்கம் கிரவல் கொட்டி ஒரு சரிவு போட்டோம். உயரம் ஒத்துவராத ஐந்தாறு கற்படியும் வைத்தோம். இறக்கப் பயிற்சி இப்போது நாளின் கடைசியில், கால் களைத்த பிறகு. மார்பைச் சற்று முன்னுக்கு வை, முழங்காலை விறைக்காதே, அடியைக் குறுக்கி வை என்று வழிகாட்டி சொன்னதைத்தான் நல்ல காலுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நாள் விட்டு மறுநாள் தொடை பயங்கரமாக வலிக்கும், இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும் என்பதையும் முதலே சொல்லிவிடுகிறேன். முன்பு அந்த வலிக்குப் பயந்து வராமல் நின்றவர்கள் உண்டு.

அந்த ஐயாவைத் திரும்பவும் கூப்பிட்டேன். ஆறு கிழமை வந்தார். போன மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது, “வா பிள்ளை, காட்டுறன்” என்று குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் முன்னால் இறங்கி, அவருக்கு இரண்டடி கீழே திரும்பி நின்றுகொண்டேன். பொல்லைக் கீழே ஊன்றினார். செயற்கைக்காலை இறக்கினார், பாரத்தைக் கொடுத்துப் பார்த்தார், பிறகு நல்ல காலை மெல்ல மடக்கி இறக்கினார். நடுவில் ஒரு இடத்தில் கல் உருண்டது. நின்றார். நான் கையை நீட்டவில்லை. வேறு இடம் பார்த்துப் பொல்லை ஊன்றி, திரும்பவும் செயற்கைக்காலை முன்னுக்கு வைத்தார். தண்ணீர் விளிம்புக்கு வந்ததும் பொல்லை என்னிடம் தந்துவிட்டு, குனிந்து முகம் கழுவினார்.