பிள்ளைகள் சத்தம் போடட்டும்

ஆராதனை நேரத்தில் பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள் என்று எங்கள் சபையில் சிலருக்கு வருத்தம். எனக்கு அந்தச் சத்தம் இல்லாத கோயில்தான் பயமாக இருக்கிறது.

மட்டக்களப்பில் மெதடிஸ்தத் திருச்சபையின் பணி பிள்ளைகளோடுதான் வளர்ந்தது. 1814இல் தெற்கே காலி நகரில் வந்திறங்கிய வெஸ்லியன் (மெதடிஸ்த) மிஷனரிகளில் ஒருவரான வில்லியம் ஓல்ட் இங்கே வந்தார். அடுத்த ஆண்டே மரித்துப்போனார். அந்தச் சில மாதங்களுக்குள் அவர் தொடங்கியவை பாடசாலைகள். நம் மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்த வழியில் வந்ததுதான். அதற்கு முன்பே, 1769இல், இங்கிலாந்தின் ஹை விக்கம் ஊரில் ஹன்னா போல் என்ற மெதடிஸ்தப் பெண் ஞாயிறு பாடசாலை நடத்தினார்.

இன்றைக்கு எங்கள் ஞாயிறு பாடசாலையில் வசனப் பாடத்தைவிடப் பெரிய வேலை ஒன்று நடக்கிறது. ஒரு பிள்ளை இரண்டு வாரம் வராவிட்டால் ஆசிரியை வீட்டுக்கே போய்விடுவார். தகப்பன் வெளிநாட்டில், தாய் கூலி வேலையில், அம்மம்மா நோயில் என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவரும். பிறகு பெண்கள் ஐக்கியத்தார் அரிசி, பருப்போடு போவார்கள். சிலநாள் வெறுமனே உட்கார்ந்து பேசிவிட்டும் வருவார்கள். அந்தப் பேச்சை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சனிக்கிழமை பின்னேரங்களில் சிறுவர்களுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்க இன்னும் ஆட்கள் வேண்டும். எந்தச் சபையாராக இருந்தாலும் சரி, வர முடிந்தவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.