துடிப்பு லேசர் ஹோலோகிராபி: தேர்வுக்குப் பின் ஒரு வழிகாட்டல்

ஒளியியல் விருப்பப் பாடத்தின் முடிவு வந்துவிட்டது, ஏ மைனஸ். என்னைக் கரைசேர்த்தது, லேசர் ஒளியால் முப்பரிமாணப் படம் பதிக்கும் ஹோலோகிராபிப் பகுதிதான் என்பதால், அடுத்த பருவத்தில் எழுதவிருக்கும் தம்பி தங்கைகளுக்காக அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இத்துறையின் முன்னோடிகளான கேபர், டெனிசியூக் வரலாற்றுக்கு மதிப்பெண் சொற்பம்.

வினாவில் துடிப்பு லேசர் (ஒளியை மிகக் குறுகிய துடிப்புகளாக விடும் லேசர்) என்று கண்டவுடன், சூத்திரம் எதையும் தொடுமுன் துடிப்பின் கால அளவை விடைத்தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அசையும் கை, 20 நானோவிநாடியில் 20 நானோமீட்டர்தான் நகரும். ஒளி போய்த் திரும்பும் பாதையில் அது இரட்டித்தாலும், ரூபி லேசரின் 694 நானோமீட்டர் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டாது. குறுக்கீட்டுப் பட்டைகள் (இரு ஒளிக்கற்றைகள் சேர்ந்து தகட்டில் பதிக்கும் நுண்கோடுகள்) ஏன் கலைவதில்லை, உயிருள்ள மனிதரை எப்படிப் பதிவு செய்ய முடிகிறது, அதிர்வு தாங்கும் மேசை ஏன் வேண்டியதில்லை என்ற மூன்றுக்கும் இந்த ஒரு கணக்கே விடை.

அதே கால அளவு பாதகமாகவும் திரும்பும். தேர்வாளர் மடக்குவது அங்கேதான். சதுர சென்டிமீட்டருக்கு விழும் ஆற்றல் சமமானால் விளைவும் சமம் என்ற விதியை படத்தகட்டின் ஒளியுணர் உப்பான வெள்ளி ஹாலைடு இங்கே மதிப்பதில்லை. எலக்ட்ரான்கள் ஒரேயடியாக விடுபடும்போது, வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் திரள நேரமின்றி, ஒவ்வொரு படிகத்திலும் பல சிறு கருக்களாகச் சிதறுகின்றன; பதிந்ததை வெளிக்கொணரும் கரைசலான உருத்துலக்கியால் அவற்றில் பலவற்றை வளர்க்க முடிவதில்லை. இதுவே ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர். தீர்வாக, பதிவுக்குப் பின் மங்கலான சீரொளி காட்டுவதையும், ஃபெனிடோனும் அஸ்கார்பிக் அமிலமும் கலந்த உருத்துலக்கியையும் எழுதுங்கள்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. சிங்கப்பூரின் தோ பாயோ நூலகத்தில் தனியே அமர்ந்து இந்தக் கணக்குகளைக் கையால் போட்டுப் பழகினேன். கலந்து பேசிப் படிப்பவர்களுக்கு என் முறை அலுப்பூட்டலாம்.

மற்றவை:

– 20 நானோவிநாடித் துடிப்பு வெளியில் 6 மீட்டர் நீளும். ஓரியல் நீளம் (ஒளி அலைகள் ஒத்திசைவு கெடாமல் குறுக்கிடக்கூடிய பாதை வேறுபாடு) வேறு. லேசர் பல அலைவுமுறைகளில் இயங்கினால் அது வெகுவாகச் சுருங்கும். ஒரே அலைவுமுறையைத் தேர்ந்தெடுக்க உதவும் எட்டலான் என்ற சொல் விடையில் இருக்கட்டும்.
– ஒளிபட்டு இறுகும் பதிவுப் பொருளான ஃபோட்டோபாலிமரில், அதன் சிறு மூலக்கூறுகளான மோனோமர் பரவ நேரம் வேண்டும். ஒற்றைத் துடிப்பு போதுமென்று எழுதிவிடாதீர்கள்.
– இன்னொரு பதிவுப் பொருளான டைகுரோமேட் ஜெலட்டின், சாயம் சேர்க்காவிட்டால் சிவப்பொளியை உணராது. ஈரப்பதம் அதைக் கெடுப்பது பற்றிய வினாவுக்கு, ஈரமான நம் ஊர்க் காற்றை நினைத்தாலே போதும்.
– கண் பாதுகாப்பைப் பலரும் தவிர்க்கிறார்கள்; எனக்கு அதுவே வந்தது. மனிதரைப் பதிவு செய்கையில் தேய்த்த கண்ணாடியால் ஒளியைப் பரப்பினால், அது விழித்திரையில் புள்ளியாகக் குவியாமல் அகன்ற பரப்பில் விழும்.