அம்மாவின் கோலமும் என் லேப்டாப்பும்

கலையும் அறிவியலும் தொழில்நுட்பமும் இப்போதுதான் கைகோக்கின்றன என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு வாசல் கோலம்தான் ஞாபகம் வரும். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்துக்கு இலக்கணம் எழுதி 1974-லேயே ஆய்வுக்கட்டுரை போட்டுவிட்டார்கள். இலக்கணம் என்றால் நன்னூல் இல்லை, கணினி மொழிக்கு இருக்குமே, அது. சின்னத் துண்டு ஒன்று, அதை எப்படி வளர்ப்பது என்று சில விதிகள், அவ்வளவுதான், மீதியை கணினி வரைந்துகொள்ளும்.

மார்கழியில் நானும் லேப்டாப்பில் சிக்குக் கோலம் போட நிரல் எழுதிப் பார்த்தேன். 4 வரிசையில் நாலு நாலு புள்ளி வைத்து வெறும் பின்னலாக இழுத்தால் 4 தனித்தனிக் கம்பி (அதாவது கோடு) வருகிறது, வரிசைக்கு 5 புள்ளியாக்கினால் மொத்தமும் ஒரே கம்பி! வரிசை எண்ணிக்கை, வரிசைக்குப் புள்ளி எண்ணிக்கை, இந்த இரண்டு எண்ணுக்கும் மீ.பொ.வ. (இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்) எவ்வளவோ அத்தனை கம்பி. ஆறாம் வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் கணக்கில் தப்பித்திருப்பேன், சரி விடுங்கள்.

அம்மாவிடம் காட்டினேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு இழைய, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நாலுக்கு நாலுல ஒரே இழை வராதுடா, நடுவுல மூணு எடத்துல வெட்டித் திருப்பணும்" என்றார்.

வெட்டித் திருப்ப இன்னும் நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.