வேலூர் வெயிலும் வீட்டில் மூன்று வெப்பமானியும்

வேலூரில் குடியிருந்துகொண்டு வெயிலைப் பற்றிப் புலம்பக்கூடாதுதான், ஆனாலும் பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. "நேத்தைவிட இன்னிக்கு ஜாஸ்தி" என்பார் அம்மா, "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார் அப்பா. சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று வெப்பமும் ஈரப்பதமும் காட்டுகிற சின்ன டிஜிட்டல் மீட்டர் மூன்று வாங்கினேன். ஒன்று கீழ்க்கூடத்துக்கு, ஒன்று மாடி அறைக்கு, ஒன்று வெளியே.

வெளியே வைப்பதில்தான் வேலையே இருக்கிறது. அப்பா அதை மேற்குச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு, 49 டிகிரி என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அது காற்றின் சூடு இல்லை, வெயில் குடித்த சுவரின் சூடு. வானிலை நிலையங்களில் இதற்கென்றே ஸ்டீவன்சன் பெட்டி என்று ஒன்று உண்டு. வெள்ளை அடித்து, ஜன்னல் சட்டம் மாதிரி சாய்வுப் பலகை வைத்த மரப்பெட்டி. காற்று போய்வரும், வெயில் படாது, கதவுகூட நம் பக்கம் வடக்குப் பார்த்துத்தான் இருக்கும், திறக்கும்போது வெயில் உள்ளே விழக்கூடாதே. மரவேலைக்கெல்லாம் எனக்குப் பொறுமை இல்லை. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து, இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக நீளத் திருகாணியில் கோத்து, நடுவில் மீட்டரைத் தொங்கவிட்டேன். 49 காணாமல் போய் 41 ஆனது. அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் உச்சி வெயில் எங்கள் வீட்டுக்குப் பெரிய எதிரியே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. வெளியே சூடு உச்சத்துக்குப் போவது மதியம் இரண்டரை மூன்று மணிவாக்கில். மாடி அறையில் உச்சம் ராத்திரி எட்டு மணிக்கு! கான்கிரீட் தளம் பகல் முழுக்க வாங்கிவைத்த சூட்டை சாவகாசமாக உள்ளே இறக்குகிறது, பத்து மணிக்கும் அங்கே 36, கீழ்க்கூடத்தில் 33. இந்த எண்ணைப் பார்த்த அன்றே என் மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டார், பின்னாலேயே பையனும். இப்போது கூடத்தில் ஐந்து பேர், ஒரு ஃபேன், அதன் வேகத்தை எத்தனையில் வைப்பது என்று தினமும் பஞ்சாயத்து.

மண்பானையையும் விடவில்லை. பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீர் 34 டிகிரி இருந்த மத்தியானம் பானைத் தண்ணீர் 27. பானையின் மேல் கசிகிற ஈரம் ஆவியாகும்போது உள்ளிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் வருகிற குளிர்ச்சி அது, ஆகவே காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. மேகம் போட்டுப் புழுங்கிய நாளில் அதே பானை 30-க்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது. சென்னையில் இருக்கும் சித்தி போனில் "இங்க 37 தான், ஆனா உசுரு போகுது" என்று சொல்வதற்கும் காரணம் இதேதான். கடற்காற்று வெப்பத்தைக் குறைக்கும், ஈரத்தையும் கூடவே கொண்டுவரும், வியர்வை காயாது. முன்பெல்லாம் சித்தி மிகைப்படுத்துகிறார் என்று சிரிப்போம், இப்போது ஈரப்பதம் எவ்வளவு என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறோம்.

மீட்டரை உருப்படியாகப் பயன்படுத்துவது அம்மா மட்டும்தான். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கினால் கூழ் வடாம் போட்டே ஆகவேண்டும். அந்த நாட்கள் பஞ்சாங்கக் கணக்கு, வானிலைத் துறைக் கணக்கில் அப்படி ஒன்று கிடையாது என்று ஒருமுறை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "கணக்கு யாருதா இருந்தா என்ன, வடாம் காயுதா இல்லையா?" என்றார். இப்போது காலையில் எழுந்ததும் ஈரப்பதத்தைப் பார்க்கிறார், குறைவாக இருந்தால்தான் அரிசி மாவுக்கு உலை வைக்கிறார். காக்காய்க்குக் காவல் பையன். கறுப்புக் குடையை விரித்து நட்டுவிட்டு, அரைக் காய்ச்சலில் இருக்கும் வடாத்தில் பாதியை அவனே தின்றுவிடுகிறான்.

அடுத்ததாக மாடித் தளத்தில் பாதிக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்து, மீதியை அப்படியே விட்டு, ராத்திரியில் இரண்டு பக்கமும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க ஆசை. சுண்ணாம்பு வாங்கியாயிற்று. பாதி மாடி வெள்ளையாக இருந்தால் பார்க்கிறவன் காசு தீர்ந்துபோச்சு என்று நினைப்பான் என்று அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை.