72வது மணி நேரம்

காலையில வந்ததும் நேரா அஞ்சாவது டேங்க்தான் போய் பாத்தேன். ஒரு மீன் பக்கவாட்டுல சாஞ்சு கிடந்துச்சு, ஆனா செவுள் மட்டும் மெதுவா திறந்து மூடிட்டே இருந்துச்சு.

ரொம்ப நேரம் அந்த செவுளையே பாத்துட்டு நின்னேன்.

ஒரு கெமிக்கல் மீனுக்கு எவ்வளவு விஷம்னு பாக்குற இந்த டெஸ்ட் மொத்தம் 96 மணி நேரம். அஞ்சு அளவுல கெமிக்கல் கலந்த தண்ணி, ஒண்ணும் கலக்காத கன்ட்ரோல் ஒண்ணு, ஒவ்வொண்ணுலயும் 7 மீன், தீனி கிடையாது, கன்ட்ரோல்ல ஒண்ணுக்கு மேல செத்தா டெஸ்டே செல்லாது. இவ்வளவும் பண்ணி கடைசியில வர்றது ஒரே ஒரு நம்பர். எல்சி50, பாதி மீனைக் கொல்ற அளவு.

அந்த நம்பர் வேணும்தான். அது இல்லாம எந்த கழிவை எவ்வளவு ஆத்துல விடலாம்னு சொல்றது கஷ்டம்.

ஆனா 2019ல இந்த டெஸ்டுக்கான சர்வதேச வழிமுறையான ஓஇசிடி 203ஐ திருத்தினப்ப, தடுமாறுறது, மூச்சு வாங்குறது, நிறம் மாறுறதுன்னு அறிகுறி எல்லாத்தையும் விரிவா எழுதச் சொன்னாங்க பாருங்க, எனக்கு அதுதான் பெருசா படுது. சாவுக்கு முன்னாடி மீன் பட்ட பாடும் பேப்பர்ல ஏறுது.

மீனுக்கு பதிலா ஜீப்ரா மீனோட கருவை வச்சே பண்ற ஓஇசிடியோட 236வது டெஸ்ட் 2013லயே வந்தாச்சு. எங்க லேப்லயும் அதை கொண்டு வாங்கன்னு இன்னைக்கு மறுபடியும் கேட்டிருக்கேன்.

நோட்டுல எழுதினது: "டேங்க் 5, மீன் 1, சமநிலை இழப்பு, செவுள் அசைவு உண்டு."