பனிப்பூ முத்திரை இருந்தும் வண்டி நிற்கவில்லை

போன வாரம் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "டொயோட்டா ஃபோர்ரன்னர் எஸ்யூவி வாங்கியாச்சு, எல்லாப் பாதைக்கும்னு சொல்ற ஆல் டெரெய்ன் டயரும் போட்டாச்சு, டயர்ல குளிர்காலத்துக்கான அந்த மலை, பனிப்பூ முத்திரையும் இருக்கு, அப்ப வின்டர் டயர் தனியா வாங்க வேண்டாம்ல?" வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கேட்ட கேள்வி அது. மூன்று வருஷத்துக்கு முன் இதே கேள்வியோடு நானும் ஒரு டயர் கடையில் நின்றேன், கடைக்காரர் நான் எதிர்பார்த்ததையே சொன்னார், சந்தோஷமாகக் கார்டை நீட்டினேன். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது ஆல்பர்ட்டா மாகாணத்துக் கல்கரியில். கனடாவில் குளிர் எங்கேயும்தான் இருக்கிறது, ஆனால் கல்கரிக் குளிருக்கு ஒரு கிறுக்குத்தனம் உண்டு, அதன் பெயர் சினூக். ராக்கி மலையைத் தாண்டி இறங்கும் காற்று வழியிலேயே சூடாகி வந்து, காலையில் மைனஸ் 20 என்று உறைந்து கிடந்த ஊரை மதியத்துக்குள் பிளஸ் 5க்குக் கொண்டுபோய்விடும். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு நடக்கலாம், எல்லோரும் சிரித்த முகமாக இருப்பார்கள். சாலையோரப் பனி உருகித் தண்ணீராக ஓடும். ராத்திரி காற்று நின்றதும் அந்தத் தண்ணீர் அப்படியே உறையும். மறுநாள் காலையில் சாலை கறுப்பாக, ஈரமாக, பார்க்க ஒன்றும் இல்லாதது போலக் கிடக்கும். பிளாக் ஐஸ்.

அப்படி ஒரு ஜனவரிக் காலையில் மகளைப் பள்ளியில் விடப் போனேன். எங்கள் பகுதியில் ஒரு சரிவு, முடிவில் ஸ்டாப் போர்டு. வேகம் 30க்கும் குறைவு. பிரேக்கை அழுத்தினால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கடகடவென்று அடிக்கிறது, வண்டி மட்டும் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. ஸ்டாப் போர்டைத் தாண்டி, குறுக்குச் சாலையைப் பாதி கடந்து, அந்தப் பக்கத்து நடைபாதை ஓரத்தில் இடித்து நின்றது. நல்லவேளை, குறுக்கே யாரும் வரவில்லை. "அப்பா, ஏன் நிக்கல?" என்று மகள் கேட்டாள். புது டயர், பனிப்பூ முத்திரை, ஃபோர் வீல் டிரைவ், எல்லாம் இருந்தது. பதில்தான் என்னிடம் இல்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தபோதுதான் முத்திரையின் கதை புரிந்தது. மூன்று முகடுள்ள மலை, நடுவில் பனிப்பூ, இது 1999ல் வந்த அடையாளம். இதை வாங்க டயர் ஒரு சோதனையில் தேற வேண்டும்: ஓரளவு இறுகிய பனியில், அளவுகோலாக வைத்திருக்கும் ஒரு சாதாரண டயரைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதல் இழுவை காட்ட வேண்டும். இழுவை என்றால் முன்னால் போவது. நிற்பதை அந்தச் சோதனை அளப்பதில்லை, வளைவில் திரும்புவதை அளப்பதில்லை, ஐஸ் என்பது அதில் கிடையவே கிடையாது. என் டயர் பரீட்சையில் ஏமாற்றவில்லை. எனக்கு வேண்டிய கேள்வியை யாரும் அதனிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதைவிட மோசம் எம் பிளஸ் எஸ் என்று பக்கவாட்டில் அடித்திருப்பது. சேறும் பனியும் என்று அர்த்தம், ஆனால் டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகளுக்கு, அதாவது பட்டன்களுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி இருக்கிறது என்ற அமைப்பை வைத்துத் தருவது, பிடிப்பைச் சோதித்துத் தருவதல்ல. கம்பெனியிலிருந்து வண்டியோடு வரும் டயர்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

சரி, ஐஸில் ஏன் பிடிக்கவில்லை? இரண்டு காரணம். முதலாவது ரப்பர். ஆல் டெரெய்ன் டயர் ஜூலை மாத ஜல்லிச் சாலையில் பிய்ந்து போகாமல் இருக்க வேண்டும், அதனால் அதன் ரப்பர் கெட்டி. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க அது இன்னும் விறைக்கும். குளிர்கால டயரின் ரப்பர் மைனஸ் 25லும் வளைந்து கொடுக்கிற மாதிரிச் செய்தது, அதற்கு விலையாகக் கோடையில் ரப்பர் அழிப்பான் போலத் தேயும். இரண்டாவது, பட்டன். ஏடி, அதாவது ஆல் டெரெய்ன் டயரில் பெரிய, தடித்த பட்டன்கள். ஆழமான பனியை வாரி எறிய அது அருமையாக வேலை செய்யும். ஐஸிலோ வாருவதற்கு ஒன்றும் இல்லை, அங்கே வேண்டியது சைப் எனப்படும் மெல்லிய கீறல்கள். ஒவ்வொரு கீறலும் ஒரு விளிம்பு, அந்த விளிம்புகள்தான் ஐஸைக் கவ்வுகின்றன, மேலே இருக்கும் தண்ணீர்ப் படலத்தையும் விலக்குகின்றன. அந்தத் தண்ணீர்ப் படலம்தான் சினூக்குக்கு மறுநாளின் வில்லன். மைனஸ் 25ல் ஐஸ் காய்ந்து கிடக்கும், கொஞ்சமாவது பிடிக்கும். பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போதுதான் எண்ணெய் தடவிய தோசைக்கல்.

ஃபோர் வீல் டிரைவ் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நாலு சக்கரமும் சேர்ந்து கிளப்பும். நிறுத்துவதற்கு எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது, அதில் எஸ்யூவிக்கு ஒரு சலுகையும் இல்லை, எடை கூடுதல் என்பதால் கஷ்டம்தான் அதிகம். அதிலும் என் ஃபோர்ரன்னரில் இருப்பது பார்ட் டைம் அமைப்பு, வேண்டும்போது மட்டும் நாலு சக்கரத்தையும் சேர்த்துக்கொள்வது. காய்ந்த தாரில் நாலு சக்கரத்தையும் பூட்டி ஓட்டினால், சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ்லைன் முறுக்கிக்கொள்ளும், ஓட்டக் கூடாது. நூறு மீட்டர் காய்ந்த தார், பத்து மீட்டர் ஐஸ், மறுபடி தார் என்று இருக்கும் சாலையில் நான் பின்சக்கர வண்டிக்காரன்தான். ஃபோர் வீல் லிவர் இருக்கிறது என்ற தைரியம் மட்டும் மிச்சம். (இந்த ஊர் நகராட்சி சாலையில் தூவும் உப்பும் பொடிக்கல்லும் சேர்ந்த கலவைக்குப் பெயர் பிக்கிள். முதல் தடவை ரேடியோவில் கேட்டபோது ஊறுகாய் எதற்கு ரோட்டில் என்று முழித்தேன்.)

நான் செய்த இன்னொரு தப்பு, பத்து பிளை, அதாவது பத்து அடுக்குக்குச் சமமான பலமுள்ள கனத்த டயர். பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது என்று லைட் டிரக்குகளுக்கான எல்.டி. ரகம், சுமை தாங்கும் அளவில் லோட் ரேஞ்ச் ஈ எடுத்துவிட்டேன். அது கனத்த சரக்கை ஏற்றுபவர்களுக்கும், டிரெய்லர் இழுப்பவர்களுக்கும், கூரான கல் மேல் தினம் ஏறுபவர்களுக்கும். என் வண்டியில் அதிகபட்ச சுமை நாலு பேரும் ஒரு குளிர்பெட்டியும். பலன், ஒவ்வொரு டயரும் பல கிலோ கூடுதல், பக்கச்சுவர் இரும்பு மாதிரி, காற்றும் கூடுதலாக அடிக்க வேண்டும், பெட்ரோல் செலவும் ஏறியது. ஃபால்கன் வைல்ட்பீக், டோயோ ஓபன் கன்ட்ரி மாதிரிப் பிரபலமான ஏடி டயர்கள் பலவும் சாதாரண லோடிலும் கிடைக்கின்றன. வீட்டு உபயோக எஸ்யூவிக்கு அதுவே தாராளம். கடையில் போய் "எல்.டி. வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இருப்பில் உள்ளதைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஏடி டயரே குப்பை என்று நினைக்க வேண்டாம். கான்மோரிலிருந்து கனனாஸ்கிஸ் ஏரிகள் பக்கம் போகும் ஸ்மித் டோரியன் சாலை ஜல்லிச் சாலை, குளிர்காலத்திலும் திறந்திருக்கும். அங்கே புதுப்பனி விழுந்த காலையில் என் ஏடி டயர்கள் போன போக்கு இருக்கிறதே, தண்டவாளத்தில் போவது போல. வாரத்தில் நாலு நாள் அப்படிப்பட்ட இடத்தில் வேலை என்றால், ஜல்லியும் பனியும்தான் உங்கள் பாதை என்றால், பனிப்பூ போட்ட நல்ல ஏடி ஒரே செட் போதும் என்று நானே சொல்வேன். என் நிலைமை வேறு. பனியில் வருஷத்துக்கு எட்டு நாள் விளையாட்டு, ஐஸில் தினமும் பள்ளிக்கூடம்.

சட்டத்தை வைத்து முடிவு செய்யவும் முடியாது. ஆல்பர்ட்டாவில் குளிர்கால டயர் கட்டாயமே இல்லை. எல்லை தாண்டி பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் ரோஜர்ஸ் கணவாய் பக்கம் போனால் அக்டோபர் 1 முதல் கட்டாயம், ஆனால் அங்கே வெறும் எம் பிளஸ் எஸ் இருந்தாலே விடுவார்கள், பட்டன் உயரம் 3.5 மில்லிமீட்டர் இருந்தால் போதும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிப்பூ இல்லாமல் நடக்காது. ஒரே டயர், மூன்று மாகாணத்தில் மூன்று விதி. அப்புறம் அந்த 3.5 மில்லிமீட்டரை நம்பாதீர்கள். 4க்குக் கிட்டே வந்துவிட்டால் பனிக்கு அந்த டயர் லாயக்கில்லை, முத்திரை மட்டும் அழியாமல் இருக்கும்.

கடைசியில் நான் செய்தது, தனி இரும்பு ரிம், அதில் ஆணியில்லாத குளிர்கால டயர் நாலு. ஏடி 265/70, இது 245/75, இரண்டும் 17 இஞ்ச். உயரம் ஏறக்குறைய அதேதான், அகலம் 2 சென்டிமீட்டர் குறைவு, ஒல்லி டயர் சகதிப்பனியை அறுத்துக்கொண்டு கீழே இறங்கும். பார்க்க வண்டி கோழிக்கால் மாதிரி இருக்கிறது என்று மனைவி சிரித்தாள், சிரிக்கட்டும். அடுத்த ஜனவரியில் அதே சரிவு, அதே மாதிரிக் காலை, ஏபிஎஸ் இரண்டு தடவை துடித்தது, கோட்டுக்கு முன்னால் நின்றேன். செலவு இரட்டிப்பா என்றால் முழுசாக இல்லை, ஒரு செட் ஓடும்போது இன்னொன்று கராஜில் தூங்குகிறது, இரண்டும் மெதுவாகத்தான் தேய்கின்றன.

ஒரு சின்ன விஷயம், கராஜுக்குள் காற்றடித்து வெளியே போகாதீர்கள். ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறையும். உள்ளே பிளஸ் 10, வெளியே மைனஸ் 30 என்றால் ஏழு பிஎஸ்ஐ காணாமல் போயிருக்கும்.

நண்பரிடம் இதைச் சுருக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "என் அபார்ட்மென்ட்ல நாலு டயரை எங்க வைக்கிறது? உன் கராஜ் பெருசுதானே?" என்றார். என் கராஜில் ஏற்கெனவே நாலு டயர் இருக்கிறது.